கணினிக்குள் அடிமை எதற்கு?

இணையத்தில் ஒரு முகவரியைத் தட்டினால், அது எந்த சர்வரில் இருக்கிறது என்று தேடிச் சொல்லும் அமைப்புக்கு டிஎன்எஸ் என்று பெயர். அந்தத் துறையில் புழங்கும் கலைச்சொற்களுக்குப் பொருள் சொல்லும் ஆவணம் ஒன்று உண்டு. இணையப் பொறியியல் பணிக்குழு வெளியிடும் அந்த ஆவணத்தின் புதிய பதிப்பு 2024 மார்ச்சில் வந்தது. ஆர்எஃப்சி 9499 என்பது அதன் எண். அதில் ‘லேம் டெலிகேஷன்’ என்ற பழைய சொல்லும் இடம்பெற்றிருக்கிறது. ஒரு முகவரிக்கு இந்த சர்வர்தான் பொறுப்பு என்று எழுதிவைத்திருப்பார்கள். போய்க் கேட்டால் அந்த சர்வர் பொறுப்பான பதில் எதையும் தராது. இந்தக் கோளாறைத்தான் பொறியாளர்கள் பல பத்தாண்டுகளாக ‘லேம்’, அதாவது நொண்டி, என்று சொல்லிவந்தார்கள்.

அதைப் பழங்காலச் சொல்லாகக் கருதி ஒதுக்கிவிடும்படி புதிய பதிப்பு பரிந்துரைக்கிறது. அதற்கு அது கூறும் காரணம் கவனிக்கத்தக்கது. மாற்றுத்திறனாளிகளின் மனம் நோகும் என்று அது சொல்லவில்லை. ஆளுக்கொரு கோளாறை அந்தச் சொல்லால் குறிக்கிறார்கள், அதன் பொருள் எது என்பதில் ஒருமித்த கருத்தே இல்லை, எனவே குறிப்பான, தெளிவான சொற்களைப் பயன்படுத்துங்கள் என்கிறது. சர்வர் பதிலே தரவில்லையா, பதில் தந்தும் அந்த முகவரிக்குத் தான் பொறுப்பில்லை என்கிறதா, எழுதிவைத்த சர்வர் பெயரே தவறா என்று பிரித்துச் சொன்னால், நள்ளிரவில் கோளாறைச் சரிசெய்ய உட்காரும் பொறியாளருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியும். ‘நொண்டி’ என்று சொன்னால் எதுவும் தெரியாது.

மென்பொருள் உருவாக்குவோர் நடுவே பத்தாண்டுக்கும் மேலாக ஒரு சொற்போர் நடக்கிறது. மாஸ்டர்-ஸ்லேவ், ப்ளாக்லிஸ்ட்-வைட்லிஸ்ட் போன்ற சொற்களைக் கைவிட வேண்டும் என்கிறது ஒரு தரப்பு. நிரலுக்குள் அரசியலைக் கொண்டுவராதீர்கள் என்கிறது மறுதரப்பு. பழைய சொல் தெளிவானது, புதிய சொல் இதமானது, இரண்டில் ஒன்றைத்தான் பெற முடியும் என்பதை இரு தரப்பும் பேசாமலே ஒப்புக்கொண்டுவிட்டன. அந்த அடிப்படையே தவறு என்பது என் கருத்து. பிறரைத் தாழ்த்தும் சொற்களில் பெரும்பாலானவை, தாம் குறிக்கும் வேலையையும் சரியாக விளக்காதவை. நன்றாகத் தேர்ந்த மாற்றுச் சொல் மரியாதையையும் தெளிவையும் ஒருங்கே தரும். அப்படித் தராத மாற்றுச் சொல்லை நானும் ஏற்க மாட்டேன்.

மாஸ்டர்-ஸ்லேவ் என்ற இணையிலிருந்தே தொடங்கலாம். தொழில்நுட்ப எழுத்தில் இந்த உருவகத்தின் வரலாற்றைத் தேடிய ரான் எக்லாஷ் 2007இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அவர் கண்ட மிகப் பழைய தடயம் 1904ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் வானாய்வகத்தில் டேவிட் கில் அமைத்த கடிகார ஏற்பாட்டில், ஒரு கடிகாரம் மின்குறி அனுப்ப, இன்னொன்று அதைப் பின்பற்றி ஓடியது. பின்பற்றிய கடிகாரத்துக்கு அடிமை என்று பெயரிட்டார்கள். கேப் பகுதியில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1834இல். அடிமைகளாக வாழ்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே நகரின் தெருக்களில் நடமாடிக்கொண்டிருந்த காலத்தில் வைத்த பெயர் அது.

அந்த அடிமைகள் எங்கிருந்து வந்தவர்கள்? டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களை மடகாஸ்கரிலிருந்தும் இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும் மட்டும் கொண்டுவரவில்லை. வங்கத்திலிருந்தும் மலபாரிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கொண்டுவந்தது. 17ஆம் நூற்றாண்டில் பஞ்சமும் போரும் தஞ்சை நாட்டை வாட்டிய காலங்களில், சோற்றுக்கு வழியற்றுப்போன தமிழர்கள் இந்தக் கரையின் துறைமுகங்களிலிருந்து டச்சுக் கப்பல்களில் ஏற்றப்பட்டு இந்தோனேசியாவின் பட்டாவியா வரை விற்கப்பட்டார்கள். பிரிட்டிஷ் பேரரசு அடிமை முறையை ஒழித்துக் கொண்டுவந்த 1833ஆம் ஆண்டுச் சட்டம், பிரிட்டிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட நிலப்பகுதிகளை விலக்கி வைத்தது. இந்தியாவுக்கென்று தனிச் சட்டம் வர 1843 ஆயிற்று. அதன் பிறகும் பண்ணையாள் முறை நீடித்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 1976இல். அதன்கீழ் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் மீட்கப்படுவோர் பற்றிய செய்தி இன்றும் நம் நாளிதழ்களில் வருகிறது.

இதை இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. ‘அமெரிக்கர்களின் குற்றவுணர்ச்சிக்கு நாம் ஏன் ஸ்கிரிப்டைத் திருத்த வேண்டும்?’ என்று சென்னையிலும் பெங்களூருவிலும் பொறியாளர்கள் கேட்கிறார்கள். அடிமை என்பது அமெரிக்கர்களுக்கு மட்டும் வலிக்கும் சொல் என்று நம்புவதற்கு, நம் சொந்த வரலாற்றை மறந்திருக்க வேண்டும்.

வரலாற்றை ஒதுக்கிவிட்டு, பொறியியலாக மட்டும் பார்த்தாலும் அந்த இணை தேறாது. 1990களில் சென்னை ரிச்சி தெருவில் உதிரிபாகம் வாங்கிக் கணினி பூட்டியவர்களுக்கு ஜம்பர் நினைவிருக்கும். ஒரே கேபிளில் இரண்டு ஹார்டு டிஸ்க் மாட்டும்போது ஒன்றை மாஸ்டராகவும் மற்றதை ஸ்லேவாகவும் ஜம்பரால் குறிக்க வேண்டும். முதலாவது இரண்டாவதை ஆட்டுவிக்கிறது என்று புதியவர்கள் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் ஒவ்வொரு டிஸ்க்கும் தன்னுடைய கன்ட்ரோலரோடுதான் வந்தது. ஒன்று மற்றதற்குக் கட்டளையிடவில்லை. அந்தத் தொழில்நுட்பத்தின் பிந்தைய தரநிலை ஆவணங்கள் அவற்றை டிவைஸ் 0, டிவைஸ் 1 என்றே அழைத்தன. சரியான பெயர் ஆவணத்தில் கிடந்தது. தவறான பெயர் கடைத்தெருவெங்கும் புழங்கியது.

தரவுத்தளத்துக்கு வாருங்கள். அங்கே ஸ்லேவ் என்று அழைக்கப்பட்டது, முதன்மைத் தரவின் நகலை வைத்திருக்கும் சர்வர். தரவைப் படிக்க வரும் கேள்விகளுக்கு அது தானே பதில் சொல்லும். முதன்மை சர்வர் விழுந்தால் அதன் இடத்தைப் பிடித்து வேலையைத் தொடரும். எந்த ஆண்டான் விழுந்தபோது எந்த அடிமை அவன் இருக்கையில் அமர்ந்தான்? ஜென்கின்ஸ் என்ற தானியக்க மென்பொருளிலோ, மாஸ்டர் வேலையைப் பங்கிட, ஸ்லேவ் அதைச் செய்து முடித்தது. கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில் மாஸ்டர் என்பது ஒரு கிளையின் பெயர் மட்டும். அங்கே ஸ்லேவ் என்று எதுவுமே இல்லை. ஒரே சொல் ஓரிடத்தில் மூலத்தையும், ஓரிடத்தில் மேற்பார்வையாளரையும், இன்னோர் இடத்தில் வெறும் தொடக்கக் கிளையையும் குறித்தது. இதைத் தெளிவு என்று எப்படிச் சொல்வது?

கிட்டில் அந்தப் பெயரை 2005இல் தேர்ந்தவர் பெட்ர் பவுதிஷ். இசைத்தட்டின் மூலப்பதிவைச் சொல்லும் பொருளில்தான் மாஸ்டர் என்று வைத்ததாக அவர் 2020இல் விளக்கினார். அத்தோடு, அதற்கு மெயின் என்று பெயரிட்டிருக்கலாமே என்று பலமுறை எண்ணியதாகவும் சொன்னார். பெயர் வைத்தவருக்கே மெயின் என்பது மேலாகப் பட்டிருக்கிறது.

மாற்றம் 2020இல்தான் தொடங்கியது என்று பலர் நினைக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்ட நிர்வாகம் 2003லேயே, தனக்குக் கருவிகள் விற்கும் நிறுவனங்களிடம் மாஸ்டர்-ஸ்லேவ் என்ற குறிப்புகளைத் தவிர்க்கும்படி கேட்டது. அப்போது உலகமே அதைக் கேலி செய்தது. 2014இல் ட்ரூபல், ஜாங்கோ ஆகிய திறமூலத் திட்டங்கள் சொற்களை மாற்றின. ஜாங்கோவில் நடந்தது நல்ல பாடம். முதலில் லீடர்-ஃபாலோயர் என்று மாற்றினார்கள். அடிமை போய்த் தொண்டர் வந்தாரே தவிர, அந்த சர்வர் என்ன செய்கிறது என்பது அப்போதும் துலங்கவில்லை. சில நாட்களிலேயே அதையும் விட்டு ப்ரைமரி-ரெப்ளிகா என்று மாற்றினார்கள். ரெப்ளிகா என்றால் நகல். அது நகலைத்தான் வைத்திருக்கிறது. அந்தச் சொல் நிலைத்துவிட்டது.

பிற திட்டங்களிலும் நிலைத்த சொற்கள் இத்தகையவையே. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஸ்டாண்ட்பை: முதன்மை விழுந்தால் இடம்பிடிக்கக் காத்திருப்பது. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் சோர்ஸ்: தரவு எங்கிருந்து வருகிறதோ அது. ஜென்கின்ஸில் ஏஜென்ட்: வேலையைச் செய்வது. பல சர்வர்களை ஒருங்கே மேலாண்மை செய்யும் குபர்நெட்டிஸ் மென்பொருளில் கன்ட்ரோல் ப்ளேன்: அவற்றைக் கட்டுப்படுத்தும் பகுதி. ஸ்லேவ் என்ற ஒற்றைச் சொல்லின்கீழ் நகலும், காத்திருப்பதும், வேலையாளும் குழம்பிக் கிடந்தன. சொல்லை மாற்ற உட்கார்ந்தபோதுதான் ‘இது உண்மையில் என்ன வேலை செய்கிறது?’ என்று ஒவ்வொரு குழுவும் தன்னைக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. இந்த மாற்றத்தின் பெரிய ஆதாயம் இதுதான் என்பேன்.

ப்ளாக்லிஸ்ட், வைட்லிஸ்ட் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவை நிறவெறியிலிருந்து பிறந்த சொற்கள் அல்ல என்று வாதிடுவோர் சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். கறுப்பு என்றால் விலக்கு, வெள்ளை என்றால் ஏற்பு என்ற பழக்கத்தை ஒரு நாளைக்கு நூறு முறை தட்டச்சு செய்ய வேண்டிய தேவை என்ன? அந்த நோய் நமக்கும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மணமகள் தேவை விளம்பரங்களைப் படித்தால் போதும். டினைலிஸ்ட், அலோலிஸ்ட் என்றால் மறுக்க வேண்டியவற்றின் பட்டியல், அனுமதிக்க வேண்டியவற்றின் பட்டியல் என்று முதல் வகுப்பிலேயே புரிந்துவிடுகிறது.

ஆனால் விலையில்லாமல் எந்த மாற்றமும் வருவதில்லை. எதிர்ப்பவர்களின் வாதத்தில் வலுவான பகுதி இது. அதை ஆதரவாளர்கள் பலர் காதில் போட்டுக்கொள்வதில்லை. 2020 மே மாதம் அமெரிக்காவின் மினியாபொலிஸில் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்டு காவலரால் கொல்லப்பட்டதையடுத்து, சொற்களை மாற்றப்போவதாக நிறுவனங்கள் போட்டிபோட்டுக்கொண்டு அறிவிப்பு வெளியிட்டன. அவ்வாண்டு அக்டோபர் 1 முதல், கிட் திட்டங்களைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளத்தில் புதிய திட்டங்களின் தொடக்கக் கிளை மெயின் ஆயிற்று. மாஸ்டர் என்ற பெயரை நம்பி எழுதிய ஸ்கிரிப்டுகளும் பாடநூல்களும் காணொளிப் பாடங்களும் உலகெங்கும் இருந்தன. அவற்றைப் பார்த்துப் படித்த மாணவர், கட்டளையை எழுத்துப் பிசகாமல் அடித்தும் ‘அப்படி ஒரு கிளையே இல்லை’ என்ற பதிலைப் பெற்றுத் திகைத்தார். லினஸ் டோர்வால்ட்ஸின் லினக்ஸ் மூலநிரலில் முதன்மைக் கிளை மாஸ்டராகவே இருக்கிறது. கிட் மென்பொருள் 2020 ஜூலையில் வந்த 2.28 பதிப்பில், விருப்பமான பெயரை வைத்துக்கொள்ளும் வசதியை மட்டும் தந்தது. இயல்பான பெயரையே மெயின் ஆக்குவதை 3.0 பதிப்புக்கென்று தள்ளிவைத்தது. அந்தப் பொறுமையை நான் மதிக்கிறேன்.

வன்பொருளில் சிக்கல் இன்னும் கடுமை. சிப்புகள் தமக்குள் பேசிக்கொள்ளும் இரண்டு வழிமுறைகளை எடுத்துக்கொள்வோம். ஐஸ்கொயர்சி என்பதற்கு ஒரு தரநிலை ஆவணமும் அதைக் காக்கும் என்எக்ஸ்பி நிறுவனமும் உண்டு. 2021இல் அந்த ஆவணத்தைப் புதுப்பித்து, கன்ட்ரோலர்-டார்கெட் என்று மாற்றிவிட்டார்கள். எல்லோரும் ஒரே ஆவணத்தைப் பார்ப்பதால் எல்லோருக்கும் ஒரே சொல் கிடைத்தது. எஸ்பிஐ என்ற மற்றொன்று 1980களில் மோட்டரோலாவில் பிறந்தது. அதற்கு முறையான தரநிலையோ காவலரோ இல்லை. அதன் கம்பிகளில் இரண்டுக்கு மோசி, மிசோ என்று பெயர். அந்த எழுத்துகளுக்குள் மாஸ்டரும் ஸ்லேவும் ஒளிந்திருக்கிறார்கள். திறமூல வன்பொருள் சங்கம் ஒரு மாற்றுப் பெயரைப் பரிந்துரைத்தது. சிப் நிறுவனங்கள் சில வேறு பெயர்களை வைத்துக்கொண்டன. இன்று பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் சென்சார் ஒன்றை ஆர்டுயினோ பலகையில் இணைக்கும்போது, சென்சாரின் விவரத்தாளில் ஒரு பெயரும், பலகையில் இன்னொரு பெயரும், ஆய்வகக் கையேட்டில் மூன்றாவது பெயரும் இருக்கின்றன. மரியாதையான சொல்லே ஆனாலும், ஒரே கம்பிக்கு மூன்று பெயர் என்றால் அது கற்பவரை வெளியே நிறுத்துகிறது.

ஆகவே எப்படி மாற்றுவது என்பது எதை மாற்றுவது என்பதைப் போலவே முக்கியம். லினக்ஸ் குழு 2020 ஜூலையில் எடுத்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. புதிதாக எழுதும் நிரலில் அந்தச் சொற்களைக் கொண்டுவராதீர்கள் என்றார்கள். பயன்பாட்டு நிரல்கள் ஏற்கெனவே நம்பியிருக்கும் இடைமுகத்தை உடைக்க வேண்டியதில்லை. ஒரு வன்பொருளின் பழைய தரநிலையே அந்தச் சொல்லைக் கட்டாயமாக்கினால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விலக்கும் தந்தார்கள். மாற்றாக ஒரே ஒரு சொல்லைத் திணிக்காமல், வேலைக்கேற்பத் தேர்ந்துகொள்ளும்படி பல இணைகளைக் கொடுத்தார்கள். குபர்நெட்டிஸ் திட்டம் மாஸ்டர் என்ற அடையாளம் கைவிடப்படப் போகிறது என்று 1.20 பதிப்பில் எச்சரித்து, 1.24 பதிப்பில்தான் நீக்கியது. மைஎஸ்க்யூஎல் 2020இல் புதிய கட்டளைகளைத் தந்தது. பழைய கட்டளைகள் 2024இல் வந்த 8.4 பதிப்பில் நீக்கப்படும் வரை வேலை செய்தன. மவுண்ட் ரோடு அண்ணா சாலை ஆன பிறகும், பழைய பெயரில் எழுதிய கடிதத்தைத் தபால்காரர் கொண்டுபோய்ச் சேர்த்தார். மென்பொருளும் அப்படித்தான் சில ஆண்டுகள் இரு பெயருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

ரெடிஸ் தரவுத்தளத்தை உருவாக்கிய சால்வத்தோரே சான்ஃபிலிப்போவை இங்கே குறிப்பிட வேண்டும். 2018இல் இந்தக் கோரிக்கை வந்தபோது அவர் உடன்படவில்லை. தன் மறுப்பைப் பொதுவெளியில் விரிவாகவே எழுதினார். ஆனாலும் பயனர்களில் பலருக்கு அது வேண்டியிருக்கிறது என்று கண்டு, ரெடிஸ் 5இல் ரெப்ளிகா என்ற சொல்லைக் கொண்ட புதிய கட்டளையைச் சேர்த்தார். பழைய கட்டளையையும் வேலை செய்ய விட்டார். கொள்கையில் உடன்படாத ஒருவர், சமூகத்துக்காக இப்படிச் செய்வதை நான் பெருந்தன்மை என்றே கருதுகிறேன். அதே ஆண்டு பைத்தான் மொழியில் விக்டர் ஸ்டின்னர் முன்மொழிந்த மாற்றம் பெரும் சச்சரவானபோது, தலைமைப் பொறுப்பிலிருந்து சில வாரங்களுக்கு முன்புதான் விலகியிருந்த கைடோ வான் ரோசம் தலையிட்டு முடித்துவைக்க வேண்டியிருந்தது. பெரும்பாலான மாற்றங்கள் ஏற்கப்பட்டன.

எல்லை மீறியவர்களும் உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவு, தன் வலைத்தளங்களிலும் நிரலிலும் தவிர்க்க வேண்டிய சொற்களின் நீண்ட பட்டியலைத் தயாரித்தது. அமெரிக்கக் குடிமக்களைக் குறிக்க ‘அமெரிக்கன்’ என்ற சொல்லுக்கும்கூட அதில் மாற்று சொல்லப்பட்டிருந்தது. 2022 டிசம்பரில் அது வெளியே தெரிந்து கடும் எதிர்ப்பு எழ, 2023 ஜனவரியில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பட்டியல் நீளும்போது, உண்மையில் காயப்படுத்தும் சொல்லும் கற்பனைக் காயமும் ஒரே வரிசையில் நிற்கின்றன. படிப்பவர் மொத்தத்தையும் தூக்கி எறிகிறார். சொற்களைத் தரம் பிரித்து, இவற்றை உடனே மாற்றுங்கள், இவற்றை நேரம் கிடைக்கும்போது மாற்றுங்கள், இவற்றை மாற்றவே தேவையில்லை என்று சொல்லும் முயற்சியே பயன் தரும். 2020 நவம்பரில் சிஸ்கோ, ரெட் ஹேட், ஐபிஎம், விஎம்வேர் முதலிய நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய பெயரிடல் முன்முயற்சி அவ்வகையில் பொறுப்பானது. மாற்ற வேண்டாம் என்ற வரிசையும் அதில் இருக்கிறது.

இந்த விவாதம் முழுவதிலும் எனக்கு ஒரு குறை உண்டு. யாரை உள்ளே சேர்க்க இவ்வளவு பாடுபடுகிறோமோ, அவர்களில் மிகப் பெரிய கூட்டத்தைப் பற்றிப் பேச்சே குறைவு. ஆங்கிலத்தைப் பள்ளிக்கூடத்தில் கற்று, வீட்டில் வேறு மொழி பேசும் நிரலாளர்களைச் சொல்கிறேன். தமிழ் வழியில் படித்து, அரசுக் கல்லூரியில் கணினி அறிவியல் முடித்த ஒரு பெண் திறமூலத் திட்டமொன்றில் தன் முதல் திருத்தத்தை அனுப்புகிறார் என்று வையுங்கள். நிரல் அவருக்குப் புரிகிறது. ஆனால் பரிசீலனையில் வரும் பதில் பேஸ்பால் ஆட்டத்தின் மரபுத்தொடரில் இருக்கிறது. எல்ஜிடிஎம் என்ற எழுத்துச் சுருக்கம் ஏற்பா மறுப்பா? ‘பைக்ஷெட் வேண்டாம்’ என்கிறார் ஒருவர். மிதிவண்டிக் கொட்டகைக்கும் என் நிரலுக்கும் என்ன தொடர்பு என்று அவர் எப்படி அறிவார்? வெட்கப்பட்டுக் கேட்காமல் விலகிவிடுகிறவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

‘கிராண்ட்ஃபாதர்டு’ என்ற சொல்லைப் பாருங்கள். பழைய வாடிக்கையாளருக்குப் பழைய விதியே தொடரும் என்பதை ஆங்கிலத்தில் இப்படிச் சொல்கிறார்கள். தாத்தாவுக்கு இங்கே என்ன வேலை? 1898இல் லூசியானா மாநிலம், வாக்களிக்கக் கடுமையான தகுதிகளை விதித்துவிட்டு, 1867க்கு முன் வாக்குரிமை பெற்றிருந்தவர்களுக்கும் அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளுக்கும் அவற்றிலிருந்து விலக்கு அளித்தது. கறுப்பினத்தவரின் தாத்தாக்களுக்கு அப்போது வாக்குரிமை இருந்ததில்லை. அத்தகைய சட்டப்பிரிவுகளை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1915இல் செல்லாது என்றது. வரலாறு தெரிந்தவருக்கு அந்தச் சொல் கசக்கிறது. தெரியாதவருக்கு அது விளங்கவே இல்லை. ‘பழைய விதி தொடரும்’ என்று நேராக எழுதினால் இருவருக்கும் நிம்மதி. கூகுள், மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்களின் எழுத்து வழிகாட்டிகள், பாகுபாடற்ற சொற்களைக் கேட்பதோடு, மரபுத்தொடர்களைத் தவிர்த்து உலக வாசகர்களுக்காக எழுதும்படியும் கேட்கின்றன. இரண்டும் வெவ்வேறு அத்தியாயங்களில் இருக்கின்றன. ஒரே அத்தியாயமாக இருந்திருக்க வேண்டும்.

தெளிவுக்காகச் சொற்களைக் கட்டுப்படுத்துவது இத்துறைக்குப் புதிதும் அல்ல. 1997இல் ஸ்காட் பிராட்னர் எழுதிய ஆர்எஃப்சி 2119, இணையத் தரநிலைகளில் ‘வேண்டும்’, ‘நல்லது’, ‘செய்யலாம்’ என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொற்கள் எவ்வளவு கட்டாயத்தைக் குறிக்கும் என்று வரையறுத்தது. யாரும் அதைக் கருத்துரிமைப் பறிப்பு என்று சொல்லவில்லை. இரு நாட்டுப் பொறியாளர்கள் ஒரே வரியைப் படித்து ஒரே பொருளைக் கொள்ள வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. இன்று கேட்பதும் அதன் தொடர்ச்சிதான்.

பாலினம் காட்டும் சுட்டுப்பெயர்களின் கதையும் இதில் சேரும். 2013இல் லிப்யூவி என்ற நூலகத்தின் ஆவணக் குறிப்பில், பயனரைக் குறிக்கும் ‘ஹீ’ என்ற சொல்லைப் பொதுச் சொல்லாக மாற்ற ஒருவர் அனுப்பிய திருத்தம், அற்பமானது என்று தள்ளப்பட்டுப் பெரும் சர்ச்சையானது. இங்கே தமிழுக்கு ஓர் அனுகூலம். ‘அவர்’, ‘பயனர்’ என்று எழுதினால் ஆணும் பெண்ணும் திருநரும் மரியாதையோடு அதற்குள் வந்துவிடுகிறார்கள். ஆங்கிலம் திணறும் இடத்தில் தமிழ் இயல்பாக நடக்கிறது. ஆனால் நம் பாடக் குறிப்புகளில் இன்னும் ‘ஒரு புரோகிராமர் தன் நிரலை எழுதும்போது அவன்’ என்ற நடையைக் காண்கிறேன். வகுப்பில் பாதிப்பேர் பெண்களாக இருக்கும் ஒரு படிப்புக்கு இது அடுக்காது.

சொல் மாறினால் எல்லாம் மாறிவிடுமா என்று கேட்பவர்களுக்கு, தமிழகம் நூறாண்டு அனுபவத்தோடு பதில் சொல்ல முடியும். பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்று எழுத வேண்டும் என எம்.சி.ராஜா சட்டமன்றத்தில் போராடி, 1922இல் சென்னை மாகாண அரசின் ஆணையைப் பெற்றார். அந்த ஆணையால் கிணறுகள் திறந்துவிடவில்லை. ஆனால் தன்னை எப்படி அழைக்க வேண்டும் என்று தானே சொல்லும் உரிமையை ஒரு மக்கள் கூட்டம் அரசின் ஏட்டில் பதித்தது. அடுத்தடுத்த உரிமைக் கோரிக்கைகள் அந்தப் பெயரில்தான் எழுதப்பட்டன. 2025 ஏப்ரலில், ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். அகராதியில் குற்றமற்ற சொல் அது. ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவர்களின் குடியிருப்பை அப்படியே அழைத்து அழைத்து, அதற்கு நாமே ஏற்றிய பொருள் வேறு. மாஸ்டர் என்ற சொல்லுக்கு அகராதியில் நல்ல பொருள்களும் உண்டு என்று வாதிடும் தமிழ்ப் பொறியாளர்கள் இதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

சொல்லை மட்டும் மாற்றிவிட்டு நிற்பவர்கள் மீது எழும் கோபமும் நியாயமானதே. கிளையின் பெயரை மாற்றிய அதே 2020ஆம் ஆண்டு ஜூன் இறுதியில், சிஸ்கோ நிறுவனத்தில் தலித் பொறியாளர் ஒருவர் சாதிப் பாகுபாட்டுக்கு ஆளானார் என்று கலிஃபோர்னியாவின் சமவேலைவாய்ப்புத் துறை வழக்குத் தொடுத்தது. நிறுவனம் அதை மறுத்தது. குற்றஞ்சாட்டப்பட்ட இரு அதிகாரிகள் மீதான வழக்கைத் துறை 2023இல் கைவிட்டு, நிறுவனத்தின் மீதான வழக்கைத் தொடர்ந்தது. வழக்கின் முடிவு எதுவானாலும், அமெரிக்க மென்பொருள் அலுவலகங்களில் சாதி பரவலான பேசுபொருளானது அதன் பிறகுதான். மாற்ற வேண்டிய சொற்களைத் தொகுக்கும் கூட்டங்களில் நம்மவர்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒதுக்கப்பட்ட ஒரு நாட்டையோ மனிதரையோ குறிக்க ஆங்கில ஏடுகள் ‘பரையா’ என்ற சொல்லை இன்றும் தயக்கமின்றி எழுதுகின்றன. அது பறையடித்த மக்களின் பெயர் என்று அந்தக் கூட்டத்தில் எழுந்து சொல்ல, தமிழ் தெரிந்தவரால்தான் முடியும். அதைச் சொல்லும் பொறுப்பு நம்முடையது.

தமிழில் கணினி நூல் எழுதுவோருக்கும் மென்பொருளைத் தமிழாக்குவோருக்கும் இப்போது ஒரு வாய்ப்பு கிடைத்திருக்கிறது. ஆங்கிலம் சுமந்துவந்த பழைய இணையை ‘ஆண்டான்-அடிமை’ என்று தமிழுக்கு இறக்க வேண்டாம். தரவுத்தளம் என்றால் முதன்மை, நகல். சிப் இணைப்பு என்றால் இயக்குவது, இயங்குவது. பட்டியல் என்றால் அனுமதி, மறுப்பு. ஆய்வகக் கையேடு எழுதும் ஆசிரியர்கள், எஸ்பிஐ பாடத்தின் தொடக்கத்தில் ஓர் அட்டவணை போட்டு, பழைய மோசி, மிசோ எந்தக் கம்பிகள், புதிய விவரத்தாள்களில் அவற்றுக்கு என்னென்ன பெயர்கள் என்று எதிரெதிரே எழுதிவிடட்டும். அடுத்த பருவத்துக்கான கையேடுகள் அச்சுக்குப் போகும் முன் அதைச் செய்துவிட முடியும்.